பிள்ளையின் சைக்கிளுக்கு எந்த டயர் நல்லது?

சைக்கிள் வாங்கப் போனால் நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்? நிறத்தைப் பார்க்கிறோம். விலையைப் பேசுகிறோம். மணி அடிக்கிறதா, கரியர் உறுதியாக இருக்கிறதா என்று கேட்கிறோம். ஆனால், நிலத்தில் படுகின்ற ஒரே பாகமான டயரை மட்டும் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம். மழை நாளில் மகள் சறுக்கி விழாமல் வீடு வந்து சேர்வதில் அந்த டயருக்குப் பெரும் பங்குண்டு, சகோதரிகளே!

2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில், மூலையில் கிடந்த சைக்கிள்களைப் பலரும் தூசி தட்டி எடுத்தார்கள். அன்று தொடங்கிய பழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் இவ்விடயங்கள் உங்களுக்குப் பயன்படும்.

எந்தப் பாதைக்கு எந்த அகலம்?

நமது கரையோர ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான வீதி தார். உள் ஒழுங்கை கொங்கிறீட். வயல் பக்கம் கிறவல். கடற்கரைப் பக்கம் மணல். ஒரே பிள்ளை ஒரே நாளில் இவை எல்லாவற்றிலும் ஓட வேண்டியிருக்கும்.

குதி உயர்ந்த செருப்போடு மணலில் நடந்தால் குதி புதைகிறது. தட்டைச் செருப்பு புதைவதில்லை. டயரும் அப்படித்தான். ஒடுங்கிய டயருக்குக் காற்று இறுக்கமாக வேண்டும். அது தார் வீதியில் இலேசாக ஓடும்; மணலிலோ புதையும், கிறவலில் துள்ளும். அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக வைக்கலாம். அது கல்லை விழுங்கிக்கொண்டு போகும், மணலில் மிதந்து போகும். ஆனால் பாரம் கூட. மிதிக்கச் சற்றுப் பலம் வேண்டும்.

பயணம் முழுவதும் தார், கொங்கிறீட் என்றால் 1 3/8 அங்குலம் போதும். பாதித் தூரம் கிறவல் என்றால் 1.75 முதல் 1.95 வரை நல்லது. மணலும் சேறும் அதிகமென்றால் 2.125 அங்குலம் பொருந்தும். கலப்புப் பாதைக்கு நடுப்பகுதி வழவழப்பாகவும் இரு ஓரங்களில் பற்களும் உள்ள டயரைக் கேளுங்கள். முழுவதும் பெரிய பற்கள் உள்ள டயர் பார்வைக்குக் கம்பீரமானதுதான். ஆனால் தார் வீதியில் இரைச்சலோடு பிள்ளையின் பலத்தையும் குடிக்கும்.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. 26 x 1 3/8 என்று ஒரு டயர். 26 x 1.75 என்று இன்னொன்று. இரண்டும் 26தானே என்று நினைப்போம். ஆனால் ஒன்றின் றிம்மில் மற்றது ஏறாது! டயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் 37-590, 47-559 என்று வேறோர் எண் இருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது, டயர் றிம்மில் அமரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில் உள்ளவை. 590க்கும் 559க்கும் இடையே 31 மில்லிமீற்றர் வித்தியாசம். இரண்டாவது எண் பழைய டயரோடு ஒத்திருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

ஆகவே, பெண்களுக்கான பல சைக்கிள்களில் வரும் 590 றிம்மை வாங்கிவிட்டுப் பிறகு அகன்ற டயர் போடலாம் என்று எண்ண வேண்டாம். அந்த அளவில் அகன்ற டயர் கிடைப்பது அரிது. சைக்கிள் வாங்கும் அன்றே பாதையை யோசித்து முடிவெடுக்க வேண்டும். பெரியவர்கள் ஓட்டும் 28 x 1 1/2 சைக்கிளின் எண் 40-635. சில்லு பெரியது என்பதால் சிறு குழிகளை அது இலகுவாகக் கடந்துவிடும்.

புது டயர் பழையதைவிட அகலமென்றால் மட்காட்டுக்கும் அதற்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று சுழற்றிப் பாருங்கள். இடைவெளி போதாவிட்டால் ஈரக் கிறவல் அங்கே சிக்கிச் சில்லையே நிறுத்திவிடும்.

றிம்மும் கம்பியும்

இரும்பு றிம் மலிவு. ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். நனைந்தால் பிரேக் கட்டை அதில் சரியாகப் பிடிக்காது. அலுமினிய றிம் பாரம் குறைந்தது, மழையிலும் நன்றாகப் பிடிக்கும். கூடுதல் விலை கொடுத்தாலும் நட்டமில்லை.

பாரத்தின் பெரும்பகுதியைப் பின்சில்லே தாங்குகிறது. பழைய ஆங்கிலேய சைக்கிள்களில் முன்னே 32 கம்பிகளும் பின்னே 40 கம்பிகளும் வைத்ததன் காரணம் இதுவே. மாதம் ஒருமுறை கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தால் உடனே இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சில்லு கோணும்.

கரியரில் பிள்ளையை ஏற்றும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை: பிஞ்சுக் கால் கம்பிக்குள் அகப்பட்டால் காயம் கொடியதாகிவிடும். அபாயாவோ சேலையோ சிக்கினாலும் ஆபத்துத்தான். பின்சில்லின் இரு பக்கமும் வலை அல்லது தகடு மறைப்புப் போடாமல் யாரையும் ஏற்ற வேண்டாம்.

காற்று எவ்வளவு?

டயரின் பக்கத்தில் அளவு எழுதப்பட்டிருக்கும். அதை மிஞ்ச வேண்டாம். பின்சில்லுக்குச் சற்றுக் கூட்டியும் முன்சில்லுக்குச் சற்றுக் குறைத்தும் அடியுங்கள். கிறவலிலும் மணலிலும் ஓடும் நாளில் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லுக்கும் றிம்முக்கும் இடையே டியூப் நசுங்கும். ஒட்டுப் போடக் கழற்றும்போது பாம்பு கடித்த தடம்போல் அருகருகே இரண்டு ஓட்டைகளைக் கண்டால், குத்தியது முள்ளல்ல, காற்றுக் குறைவு என்று அறிந்துகொள்ளுங்கள். நல்ல டியூபிலும் காற்று மெல்ல மெல்லக் குறையும். எனவே வாரம் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

அடுத்த முறை டயர் வாங்க மகனையோ கணவரையோ அனுப்பும்போது, பழைய டயரில் உள்ள அந்தச் சிறிய எண்ணை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பணமும் மிஞ்சும், இரண்டாம் முறை கடைக்கு நடக்கும் அலைச்சலும் மிஞ்சும்.