பெருக்கியில் இரைச்சல்: எங்கே நுழைகிறது?

ஒலிவாங்கி தரும் மின்குறி சில மில்லிவோல்ட் அளவே. அதைப் பல நூறு மடங்கு உயர்த்தினால்தான் ஒலிபெருக்கி ஒலிக்கும். எது வேண்டிய குறி, எது வேண்டாத குறி என்று பெருக்கி பிரித்தறியாது. உள்ளே நுழைந்த அனைத்தையும் பெருக்கிவிடும். ஆகவே, உறுப்புகளைக் கழற்றி மாற்றுமுன், இரைச்சல் நுழையும் இடத்தைக் கண்டறிய வேண்டும்.

ஒலியளவுக் குமிழை முழுவதும் குறையுங்கள். இரைச்சல் மாறாமல் நின்றால், கோளாறு குமிழுக்குப் பின்னுள்ள நிலைகளிலோ மின்வழங்கியிலோ இருக்கிறது. மறைந்தால், அது குமிழுக்கு முன்னே நுழைகிறது. அப்படியானால் ஒலிவாங்கியை நீக்கி, உள்ளீட்டின் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்துப் பாருங்கள். இப்போது இரைச்சல் அடங்கினால் ஒலிவாங்கியையோ அதன் கம்பியையோ ஐயுறலாம். அடங்காவிடில் முதல் நிலையை ஆராய வேண்டும்.

இரைச்சலின் தன்மையும் துப்புத் தரும். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். முழு அலைத்திருத்தியில் எஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு ஸ்தாயி மேலே. 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால், மின்வழங்கியின் வடிப்பு மின்தேக்கி வலுவிழந்திருக்கலாம். 50 ஹெர்ட்ஸ் எனில், உள்ளீட்டுக் கம்பி மின்மாற்றியின் அருகே செல்லலாம். அல்லது இரு கருவிகள் தனித்தனியே புவியிணைப்புப் பெற்று ஒரு வளையம் உண்டாகியிருக்கலாம். மாறும் காந்தப்புலம் அவ்வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். கம்பியை விலக்குவதும், உட்சுற்றின் பொது இணைப்புகளை ஒரே புள்ளியில் சேர்ப்பதும் பயன் தரும். உறுமலை நிறுத்த மின்செருகியின் புவிக்கம்பியை மட்டும் துண்டிக்காதீர்கள். காப்பு பழுதாகி உலோகப் பெட்டியில் 230 வோல்ட் பாய நேர்ந்தால், உயிர் காப்பது அக்கம்பியே.

உறுமல் முற்றும் நீங்கியபின்னும் ‘உஸ்’ என்ற மெல்லொலி எஞ்சும். இது கோளாறன்று. மின்தடையிலுள்ள எலெக்ட்ரான்களின் வெப்ப இயக்கமே இதற்கு ஒரு முக்கியக் காரணம். இதை அளந்தவர் ஜான்சன். கொள்கை வழி விளக்கியவர் நைக்விஸ்ட். இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. 27 டிகிரி செல்சியசில், 20 கிலோஹெர்ட்ஸ் அலைப்பட்டையில், 10,000 ஓம் மின்தடை ஏறத்தாழ 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானாகவே தரும். இதை அடியோடு ஒழிக்க முடியாது, குறைக்கலாம்.

முதல் நிலையில் பிறக்கும் இரைச்சலே மிகுதியாகப் பெருக்கப்படுகிறது. எனவே குறிப்பாதையில் குறைந்த மின்தடை, கார்பனுக்குப் பதில் உலோகப்படல மின்தடை, இரைச்சல் குறைந்த டிரான்சிஸ்டர் ஆகியவற்றை அங்கேதான் முதலில் பயன்படுத்த வேண்டும்.