விரட்டினால் போகாது, விசாரித்தால் அடங்கும்

கவலையில் இருப்பவருக்கு நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் அறிவுரை, "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்பது. அடுத்தது, "நல்லதையே நினை". சொல்பவரின் அக்கறையில் குறையில்லை. ஆனால் இரண்டு அறிவுரைகளையும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்; இரண்டும் தேறவில்லை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும்படி மாணவர்களிடம் கேட்டுக்கொண்டார். ஒரே நிபந்தனை, வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது; நினைத்துவிட்டால் மணியை அடிக்க வேண்டும். மணி திரும்பத் திரும்ப அடித்தது. அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. இனித் தாராளமாக நினைக்கலாம் என்று சொன்னதும், அதுவரை அடக்கி வைத்திருந்தவர்கள், முதலிலிருந்தே கரடியை நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக அதை நினைத்தார்கள். ஒன்றை நினைக்காமல் இருக்கிறோமா என்று காவல் காப்பதற்கே அதை மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. "நல்லதையே நினை" என்பதன் கதை இன்னும் வருத்தமானது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரியவன்" என்ற பொருள் தரும் வாசகத்தைப் பலமுறை சொல்லிக்கொண்டபோது, தம்மைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைத்தவர்களின் மனநிலை மேலும் சரிந்தது. வாசகம் உள்ளே போனதும், "அப்படியா? யார் உன்னிடம் அன்பாக இருக்கிறார்கள்?" என்று மனம் எதிர்க்கேள்வி போட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே தெம்பாக இருந்தவர்களுக்குத்தான் அது சிறிது பயன்பட்டது. தேவைப்படுகிறவரைக் கைவிட்டு, தேவைப்படாதவருக்கு உதவும் மருந்தை நாம் எவ்வளவு தாராளமாகப் பரிந்துரைக்கிறோம்!

அடக்கியும் போகவில்லை, மேலே வெள்ளையடித்தும் மறையவில்லை என்றால், அந்த எண்ணம் உண்மையில் என்ன? இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆரோன் பெக். அவர் ஃபிராய்டின் வழியில் பயின்றவர். மனச்சோர்வின் அடியில் ஆழ்மனதில் புதைந்த கோபம் இருக்கிறது, அது தன்மீதே திரும்புகிறது என்பது அந்த வழியினரின் கொள்கை. அதை நிரூபிக்க நோயாளிகளின் கனவுகளைத் திரட்டியவருக்குக் கிடைத்தது கோபமல்ல. இழப்பும் தோல்வியும் ஏமாற்றமுமே. அவர் பின்னாளில் சொன்ன ஒரு நிகழ்ச்சி இந்தத் துறையில் பிரபலமானது. சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் தன் அந்தரங்க அனுபவங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே பதற்றமும் அடைந்தார். சொல்லும் விஷயம் அப்படிப்பட்டது, அதனால்தான் பதற்றம் என்று மருத்துவர் கருதினார். அந்தப் பெண்ணின் மனதில் ஓடியதோ வேறு: "என் பேச்சு இவருக்குச் சலிப்பாக இருக்கிறது." பேச்சுக்கு அடியில், சந்தடியில்லாமல், இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெக் இத்தகைய எண்ணங்களைத் தானியங்கி எண்ணங்கள் என்றார். நாம் ஆழ்மனம் என்று பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான் என்பது என் கருத்து. பழகிய ஓட்டுநரின் கால் தானாகக் கிளட்சை மிதிப்பதுபோல, பழக்கத்தால் கவனத்தின் விளிம்புக்குப் போய்விட்ட எண்ணங்கள் அவை. கேட்டால் கண்ணுக்குத் தெரியும், கேட்காதவரை தெரியாது.

தெரியாமல் ஓடினாலும் உடம்பு அவற்றைக் கேட்கிறது. காலையில் மேலாளரைப் பார்த்து வணக்கம் சொல்கிறார் ஒருவர். மேலாளர் பதில் சொல்லாமல் அறைக்குள் போய்விடுகிறார். "என்மேல் கோபம், வேலைக்கு ஆபத்து" என்று அரை நொடியில் ஓர் எண்ணம். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஆபத்து நேரில் வந்து, போய்விட்டால், உடம்பும் தணியும். இங்கே ஆபத்து நேரிலும் வரவில்லை, போகவும் இல்லை. மதியச் சாப்பாட்டிலும் இரவுப் படுக்கையிலும் அதையே அசைபோடும்போது, ஒரு நொடி நிகழ்வுக்கு உடம்பு நாள் முழுக்க விலை கொடுக்கிறது. இப்படி அசைபோடும் பழக்கத்தின் வலிமையைக் காட்ட இயற்கையே ஒரு சோதனை நடத்தியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும், சோர்வு வரும்போது அவர்கள் அதை எதிர்கொள்ளும் விதத்தையும் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா பதிவு செய்து வைத்திருந்தார். சில நாட்களில், 1989 அக்டோபர் 17 அன்று, சான் பிரான்சிஸ்கோ பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பிறகு பார்த்தபோது, முன்பே அசைபோடும் பழக்கம் உள்ளவர்கள்தான், ஏழு வாரம் கழித்தும் கூடுதல் மனச்சோர்வோடு இருந்தார்கள். எல்லோரையும் உலுக்கியது ஒரே நிலநடுக்கம்தான்.

பெக் காட்டிய வழி, எண்ணத்தை ஓர் ஊகமாக நடத்துவது. ஊகத்தை விரட்ட வேண்டாம், புகழவும் வேண்டாம், சரிபார்த்தால் போதும். ஒரு தாளில் நிகழ்வு, தோன்றிய எண்ணம், அதை எத்தனை சதவீதம் நம்புகிறோம் என்று எழுதச் சொல்கிறார்கள், இந்த வழியில் சிகிச்சை அளிப்பவர்கள். "வணக்கத்துக்குப் பதில் இல்லை. என்மேல் கோபம். 90." அடுத்து, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, வேறு என்ன காரணம் இருக்கக்கூடும்? அவர் கையில் போன் இருந்தது. பக்கத்தில் நின்றவருக்கும் பதில் சொல்லவில்லை. நேற்று ஒப்படைத்த வேலையைப் பற்றிக் குறையேதும் சொல்லவில்லை. இப்போது எத்தனை? 40 என்று வரலாம். பூஜ்யமாக வேண்டியதில்லை. மீதி 40ஐத் தாளில் தீர்க்க முடியாது. மாலையில் அவரிடம் போய் அந்த வேலையைப் பற்றிப் பேசித்தான் தீர்க்க முடியும். உண்மையிலேயே கோபம் என்று தெரியவந்தால் அதுவும் நல்லதே, பேசித் தீர்க்க ஒரு விஷயம் கைக்கு வந்துவிட்டது. நேர்மறைச் சிந்தனையிலிருந்து இந்த முறை வேறுபடுவது இங்கேதான்: முடிவு என்ன என்று முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்வதில்லை.

இதற்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு. மன அழுத்தம் பலருக்கு எண்ணத்தால் வருவதில்லை, கடனாலும் குடிகாரக் கணவனாலும் வேலையின்மையாலும் வருகிறது. அவர்களிடம் "எண்ணத்தை மாற்று" என்பது அவர்கள்மீதே பழியைப் போடுவதாகாதா? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கூலி தராத முதலாளியின் தவறை எந்தத் தாளும் திருத்தாது. ஆனால் வறுமையில் இந்த முறை பயன்படாது என்பதை மட்டும் சான்றுகள் ஏற்கவில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் மனச்சோர்வுற்ற 903 கர்ப்பிணிகளிடம் அதீஃப் ரஹ்மான் குழுவினர் நடத்திய ஆய்வு 2008இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. சிகிச்சை அளித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். வீடு வீடாகப் போகும் உள்ளூர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்கள். கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கி 16 முறை வந்து அமர்ந்து, படங்களைக் காட்டிப் பேசினார்கள். மனநோய் என்ற சொல்லை முன்வைக்காமல், குழந்தையின் நலனை முன்வைத்தார்கள். அதனால் மாமியாரும் கதவை அடைக்கவில்லை. "எல்லாம் விதி, நான் செய்து என்ன ஆகப் போகிறது" என்ற எண்ணத்தை இனங்காணவும், அதற்கு மாறாகக் கையால் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றை முயன்று பார்க்கவும் பழக்கினார்கள். பிரசவமாகி ஆறு மாதத்தில், இந்தப் பயிற்சி பெற்ற தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. பயிற்சியின்றிச் சாதாரண வருகைகள் மட்டும் பெற்றவர்களில் 53 சதவீதம். அவர்களின் வறுமை அப்படியேதான் இருந்தது. குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் ஆய்வாளர்கள் எதிர்பார்த்த வேறுபாடு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சோறு செய்ய வேண்டிய வேலையைச் சோறுதான் செய்யும்.

இன்னொரு மறுப்பு ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்சன் குழுவினர் 1996இல், பெக்கின் சிகிச்சையைப் பிரித்து, எண்ணங்களை ஆராய்வதை விட்டுவிட்டு, நோயாளிகளை மீண்டும் அன்றாடக் காரியங்களில் ஈடுபடுத்தும் பகுதியை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுச் சிகிச்சைக்கு இணையான பலன் கிடைத்தது. அப்படியானால் எண்ணத்தை மாற்றுவது வீண் வேலையா? நான் இதை அப்படிப் படிக்கவில்லை. "யாரும் என்னோடு பேச விரும்பமாட்டார்கள்" என்று முடங்கியவர் தெருமுனைக் கடைக்குப் போய் இரண்டு பேரோடு பேசிவிட்டு வரும்போது, அந்த எண்ணம் தாள் இல்லாமலே சோதிக்கப்பட்டுவிடுகிறது. வாதத்தைவிட அனுபவம் வலிய சாட்சி. உட்கார்ந்த இடத்திலேயே மனதை மாற்றிவிடலாம் என்று விற்கப்படும் ஒலிப்பதிவுகளையும் வார இறுதி வகுப்புகளையும் நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இந்த ஆய்வைக் கவனிக்க வேண்டும்.

பழைய எண்ணம் அழிந்துவிடுமா என்றால், அழியாது. மணியோசைக்கு எச்சில் ஊறப் பழகிய நாய்க்கு, உணவின்றி மணி அடித்து அடித்து அந்தப் பழக்கம் விட்டுப்போன பிறகும், சில காலம் கழித்து மணி கேட்டபோது மறுபடி எச்சில் ஊறியதை ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் அன்றே கண்டார். புதிய பாடம் பழையதன் மேல் எழுதப்படுவதில்லை, பக்கத்தில் எழுதப்படுகிறது. எந்தப் பக்கம் முதலில் திறக்கும் என்பது பழக்கத்தைப் பொறுத்தது. ஸ்டீவன் ஹோலன் குழுவினர் 2005இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், மருந்தால் குணமாகி அதை நிறுத்தியவர்களில் ஓராண்டுக்குள் 76 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பியது. பெக் வழிச் சிகிச்சையை முடித்தவர்களில் 31 சதவீதம். மருந்தை நிறுத்தச் சொல்லும் எண்கள் அல்ல இவை. அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் நிலையில் தாளும் பேனாவும் போதாது; மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அந்த 31 சதவீதத்தையும் மறக்க வேண்டாம். கற்றவர்களுக்கும் திரும்பியிருக்கிறது. அதனால்தான் சிகிச்சை முடியும் வாரங்களில், அடுத்த சறுக்கல் எப்போது வரக்கூடும், வந்தால் முதல் அறிகுறி என்ன, அன்றைக்கு என்ன செய்வது என்பதை நோயாளியின் கையாலேயே எழுதச் செய்து, அந்தத் தாளை எடுப்பதற்கு எளிதான இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.