‘இந்தியர்’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை மக்கள்?

கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில் பிள்ளைகளின் பத்திரங்களைச் சரிபார்க்க உதவிக்கொண்டிருந்தோம். ஒரு தாய் இரண்டு பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை எம்முன் வைத்தார். அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது இத்தோட்டத்தைவிட்டு வவுனியாவுக்குப் போனவர்கள். அங்கே காடு வெட்டி உழுந்தும் நெல்லும் பயிரிட்டார்கள். போர் அந்தக் காணியையும் பறித்தது. இன்று மகள் மீண்டும் இங்கே, தம்பியின் லயத்தில் ஓர் அறையில் இருக்கிறார். மூத்த மகன் வவுனியாவில் பிறந்தவன், இளையவன் இங்கே பிறந்தவன்.

“ஒரே தகப்பன்தான் சாமி. பெரியவன் பத்திரத்துல அவருக்கு இலங்கைத் தமிழர்னு போட்டிருக்கு. சின்னவன் பத்திரத்துல இந்தியத் தமிழர்னு போட்டிருக்கு. நாளைக்கு இவன மட்டும் இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களா?” என்று கேட்டார்.

அனுப்ப முடியாது. எவராலும் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தத் தாயின் அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஒரு சொல் எங்கிருந்து வந்தது, யாரை எல்லாம் தனக்குள் அடைத்தது, எப்படிச் சட்டமாக மாறியது என்பதை அறிந்தால்தான் அந்த அச்சம் நீங்கும்.

ஒரு நதியின் பெயர்

‘இந்தியா’ என்பது சிந்து நதியிலிருந்து பிறந்த பெயர். பாரசீகர் சிந்துவை ‘ஹிந்து’ என்றனர். கிரேக்கர் அதை ‘இந்தோஸ்’ என்றனர். அந்த நதி இன்று பெரும்பகுதி பாகிஸ்தானில் ஓடுகிறது. 1492இல் கொலம்பஸ் அத்திலாந்திக்கைக் கடந்து கரை சேர்ந்தபோது தாம் இந்தியப் பகுதிகளை அடைந்துவிட்டதாக எண்ணி, அங்கிருந்த மக்களை ‘இந்தியர்’ என்றார். நூற்றுக்கணக்கான மொழிகளைப் பேசிய அமெரிக்கப் பழங்குடிகள் அனைவருக்கும் அந்தத் தவறான பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியாள் வைக்கும் பெயர் உள்ளே இருப்பவரின் வேறுபாடுகளைப் பார்ப்பதில்லை.

இந்தியாவுக்குள்ளேயே ‘இந்திய மொழி’ என்று ஒன்று இல்லை. அந்நாட்டு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் தொடக்கத்தில் 14 மொழிகள் இருந்தன, இன்று 22 இருக்கின்றன. இந்தி மத்திய அரசின் ஆட்சிமொழி. அதைத் தேசிய மொழி என்று அந்த அரசியலமைப்பு எங்கும் கூறவில்லை.

கடல் கடந்து வந்தவர்கள் யார்?

எமது முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலை, இறப்பர் தோட்டங்களுக்கும் வந்த காலத்தில் இந்தியா என்ற சுதந்திர நாடு இருக்கவில்லை. தமிழ்நாடு என்ற மாநிலமும் இருக்கவில்லை. அந்தப் பெயர் 1969இல்தான் வந்தது. அன்று இருந்தது சென்னை மாகாணம். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், துளு பேசுவோர் அனைவரும் அதற்குள் இருந்தனர். இலங்கையும் இந்தியாவும் ஒரே பிரித்தானிய முடியின் கீழ் இருந்தன.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் கங்காணிமார் ஆள் சேர்த்தனர். வந்தவர்களிடம் ‘நீ யார்?’ என்று கேட்டிருந்தால் ஊர்ப்பெயரையும் சாதியையும் குலதெய்வத்தையும் சொல்லியிருப்பார்களே தவிர, ‘இந்தியன்’ என்று பெரும்பாலோர் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரும்பான்மையோர் தமிழர். அவர்களோடு வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்களும் வந்தன. மலையாளிகளும் பிழைப்புத் தேடி வந்தனர். அவர்களை நம்மவர் ‘கொச்சியார்’ என்றனர். கொழும்பில் சிந்திகள், போராக்கள், மேமன்கள், பார்சிகள் வணிகம் செய்தனர். தமிழ் அறியாத இவர்களும் தோட்டத்தில் கொழுந்து பறித்த தாயும் வெளியார் கண்ணுக்கு ‘இந்தியர்’ என்ற ஒரே கூட்டம்.

கணக்கேட்டில் ஏறிய பெயர்

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் தமிழர் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என முதன்முறையாக இரண்டாகப் பிரித்து எண்ணப்பட்டனர். அதற்கு முன் எல்லோரும் தமிழர் என்ற ஒரே நிரலில் இருந்தனர். தோட்ட லயத்தில் பிறந்து, கடலையே காணாத குழந்தையும் இந்தியத் தமிழர் நிரலில் ஏறியது.

கடல் கடந்து வந்த எல்லோருக்கும் இப்பெயர் ஒட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கண்டியை 1739 முதல் 1815 வரை ஆண்ட நாயக்க மன்னர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த, தெலுங்கு மரபினர். எமது சபரகமுவவும் அவர்களின் ஆட்சிக்குள் இருந்தது. வரலாறு அவர்களைக் கண்டி மன்னர் என்றே எழுதுகிறது. கொழும்புச் செட்டிகளும் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த பரதரும் இன்றைய குடிசன மதிப்பீட்டில் தனித்தனி இனங்களாகப் பதியப்படுகின்றனர். ஆகவே கணக்கேட்டின் நிரல் கல்லில் வெட்டிய எழுத்தல்ல. மனிதர் வகுத்தது, மனிதர் மாற்றியது.

பெயர் சட்டமானபோது

நாமும் இந்தப் பெயரைச் சிலகாலம் விரும்பியே சூடினோம். 1939இல் உருவான அமைப்பு ‘இலங்கை இந்தியர் காங்கிரஸ்’ என்றே அழைக்கப்பட்டது. 1947 பொதுத்தேர்தலில் அதன் உறுப்பினர் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ தந்தைவழி மூதாதையரோ இந்நாட்டில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்த பாட்டனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? வாக்குரிமையும் போயிற்று.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எம்மக்களின் விருப்பம் உடன்படிக்கைக்கு முன் கேட்கப்படவில்லை. அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அந்தத் தாயின் அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்று நிலைமை வேறு. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழிவந்தோரும் இந்நாட்டுப் பிரஜைகள் என்று 2003 சட்டம் கூறுகிறது. போரினால் தமிழகத்துக்குத் தப்பிச் சென்றவர்களுக்காக 2009இல் அது திருத்தப்பட்டது. பிரஜாவுரிமையை எவ்வழியில் பெற்றாலும் பிரஜைகளிடையே வேறுபாடு காட்டலாகாது என்பது எமது அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை.

நமக்குள்ளே

பெயரின் பாரத்தை எம்மக்கள் பல இடங்களில் சுமந்தார்கள். 1977, 1981, 1983 ஆண்டுகளில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ‘தமிழர்’ என்பதால் அடிக்கப்பட்டார்கள். தமிழரிடம் பாதுகாப்புத் தேடி வன்னிக்குப் போனால் அங்கே ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள். கப்பலேறி நீலகிரிக்குப் போனவர்களை அங்கே ‘சிலோன்காரர்’ என்றார்கள்.

இதை அனுபவித்த நாம் பிறருக்கு அதையே செய்யலாமா? வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்தின் பிள்ளையை அந்த மொழிக்காகவும் சாதிக்காகவும் கேலி செய்யும் வழக்கம் எமது தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. கேலிக்கு அஞ்சி, பாட்டியோடு தெலுங்கில் பேச மறுக்கும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் குடும்பங்களின் வியர்வையும் இந்தத் தோட்டத்து மண்ணில்தான் விழுந்தது. அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பையில் தெலுங்கு பேசும் வனக்குறவர் சமூகமும் இந்நாட்டின் மக்களே.

‘மலையகத் தமிழர்’ என்ற பெயரை இன்று பலர் விரும்புகின்றனர். பிறர் ஒட்டிய பெயரை நீக்கி நாமே சூடிய பெயர் என்பதால் அது மதிப்புக்குரியது. ஆனால் தாழ்நில இறப்பர் தோட்டத்தார், “நாங்கள் மலையில் இல்லையே” என்கிறார்கள். தெலுங்கு பேசும் முதியவர், “எங்களையும் சேர்த்தா?” என்கிறார். எந்தப் பெயரைத் தெரிந்தாலும் அதற்கு வெளியே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வது நமது கடமை.

நினைவில் வைக்க வேண்டியவை

பிரஜாவுரிமை வேறு, இனம் வேறு, மொழி வேறு. ‘இந்தியத் தமிழர்’ என்று பத்திரத்தில் இருப்பது இனம் என்ற நிரலில் எழுதப்பட்ட ஒரு சொல். அது ஒருவரை இந்தியப் பிரஜை ஆக்காது. இந்தச் சொல்லைக் காட்டிக் காணியோ வீடோ நிவாரணமோ மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள எமது மாவட்டங்களிலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது.

பழைய பத்திரங்களை எறிந்துவிடாதீர்கள். பாட்டனின் பற்றுச்சீட்டு, தோட்டத்துப் பதிவு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், வன்னியில் இருந்தபோது கிடைத்த கடிதங்கள் அனைத்தையும் ஒன்றாக ஒரு பொலித்தீன் உறையில் வையுங்கள். வெள்ளமோ மண்சரிவோ வந்தால் முதலில் கையில் எடுக்க வேண்டியது அது. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை.

அந்தத் தாயிடமும் இதையே சொன்னோம். இரண்டு பத்திரங்களையும் மடித்து ஒரே உறையில் வைத்தார். “அப்ப ரெண்டு பேரும் இந்த நாட்டுப் புள்ளைங்கதான்” என்றார். ஆம், அதில் ஐயமில்லை.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் பாட்டன் பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? வீட்டில் என்ன மொழி பேசினார்கள்? முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

2. பிறர் எங்களுக்கு இட்ட பெயர்களில் எது அதிகம் புண்படுத்தியது? அத்தகைய பெயரால் நாம் யாரையாவது அழைக்கிறோமா?

3. உங்கள் லயத்தில் பத்திரம் இல்லாத குடும்பம் எது? அவர்களோடு அலுவலகத்துக்குத் துணையாகச் செல்ல யார் முன்வருவீர்கள்?