கோடைக்கு உதவும் உலர்புல்



ஆடி, ஆவணி மாதங்களில் உலர்வலயத்து மேய்ச்சல் தரைகள் எவ்வாறு காட்சியளிக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் புல் கருகுகின்றது. குளத்தின் அலைகரையும் காய்ந்து வெடிக்கின்றது. மார்கழியில் மடி நிறையப் பால் தந்த பசு ஆவணியில் கன்றுக்கும் போதாத அளவே சுரக்கின்றது. மாடு மெலிந்தால் சினைப்படுவதும் பிந்துகின்றது. இவ்வாறு ஒரு கோடையின் பட்டினியால் மறு ஆண்டின் வருவாயும் குறைகின்றது.

ஆனால் அதே ஆண்டின் மாரியில் புல் தேவைக்கு மேல் வளர்ந்து, முற்றி, வீணே சாய்ந்து கிடந்ததன்றோ? மிகுந்த காலத்துப் புல்லைக் காயவைத்துக் குறைந்த காலத்துக்கு வைத்துக்கொள்வதே உலர்புல் தயாரித்தலாகும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்னும் முதுமொழி நெல்லுக்கு மட்டும் உரியதன்று.

வைக்கோலும் உலர்புல்லும்

“எங்களிடம் வைக்கோல் இருக்கின்றதே” என்று சிலர் கூறுவர். வைக்கோல் நெல் முற்றிய பின் எஞ்சும் தாள். அதிலுள்ள புரதம் 100 பங்கில் 3 அல்லது 4 பங்கே. பூக்கும் பருவத்தில் வெட்டி நன்கு உலர்த்திய புல்லிலோ 7 முதல் 10 பங்கு வரை புரதம் இருக்கும். வைக்கோல் வயிற்றை நிரப்பும். உலர்புல் உடலையும் தாங்கும். ஆகவே வைக்கோலை எரிக்காது சேமியுங்கள். அதனுடன் உலர்புல்லையும் சேர்த்து வையுங்கள்.

எதனை, எப்போது வெட்டுவது?

மெல்லிய தண்டும் மிகுந்த இலையும் உள்ள புல்லே விரைவில் உலரும். வேலியோரங்களிலும் தென்னந்தோட்டங்களிலும் தானாக வளரும் கினிப்புல் இதற்கு ஏற்றது. தடித்த தண்டுள்ள நேப்பியர் இனப் புற்களைப் பச்சையாகவே கொடுப்பது நன்று. காய் பிடுங்கிய நிலக்கடலைக் கொடியும், கௌபி, பயறு ஆகியவற்றின் கொடிகளும் புரதம் மிகுந்தவை. அவற்றையும் உலர்த்தி வைக்கலாம்.

புல் கதிர் தள்ளிப் பூக்கத் தொடங்கும்போதே வெட்ட வேண்டும். விதை முற்றவிட்டால் எடை கூடும், சத்துக் குறையும். இங்கே ஒரு இடர்ப்பாடு உண்டு. வடகீழ்ப் பருவ மழையில் வளர்ந்த புல் பூக்கும் வேளையில் மழை ஓய்ந்திராது. ஆகவே மார்கழியில் ஒருமுறை புல்லை அடியோடு அறுத்துப் பச்சையாகக் கொடுத்துவிடுங்கள். ஏறக்குறைய ஆறு வாரத்தில் மறுதளிர் வளர்ந்து, மழை குறைந்து வெயில் ஏறும் தை இறுதியிலும் மாசியிலும் பக்குவமாக நிற்கும்.

உலர்த்தும் முறை

காலைப் பனி நீங்கிய பின் வெட்டி, மெல்லியதாகப் பரப்புங்கள். முதல் நாளில் இரண்டு மூன்று தடவை புரட்டுங்கள். மாலையில் சிறு குவியல்களாகச் சேர்த்துவிட்டால் இரவுப் பனி உள்ளே இறங்காது. மறுநாள் மீண்டும் விரியுங்கள். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாட்களில் உலர்ந்துவிடும். அதற்கு மேல் வெயிலில் விட்டால் பச்சை நிறம் வெளிறும். உயிர்ச்சத்து ஏ தரும் பொருளும் அழியும். அவரையினக் கொடிகளை உச்சி வெயிலில் புரட்டாதீர்கள். சத்துள்ள இலை உதிர்ந்து, வெறுந்தண்டே மிஞ்சும்.

பசும்புல்லின் நூறு பங்கில் 75 முதல் 80 பங்கு நீர். சேமிக்கும் புல்லில் அது 15 பங்களவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இதனை அறிய எளிய வழியுண்டு. ஒரு கைப்பிடி புல்லைச் சிறிதாக நறுக்கி, நன்கு உலர்ந்த உப்புச் சிறிதளவுடன் கண்ணாடிப் போத்தலிலிட்டு மூடிச் சில நிமிடங்கள் குலுக்குங்கள். உப்புக் கட்டிபட்டால் ஈரம் இன்னும் உண்டு. உதிரியாக இருந்தால் போரிடலாம்.

சேமித்தல்

ஈரமாகப் போரிட்ட புல்லில் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பத்தை உண்டாக்கும். புல் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பம் மிகின் போர் தானே தீப்பற்றவும் கூடும். ஆகவே போரை வீட்டுக்கும் கொட்டிலுக்கும் ஒட்டி அமைக்காதீர்கள்.

மேட்டு நிலத்தில் கல் அல்லது பனங்குற்றி அடுக்கி, நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் பரண் கட்டுங்கள். நடுவே ஒரு கம்பம் நாட்டி, அதனைச் சுற்றி மிதித்து அடுக்கி, உச்சியைக் கூம்பாக்கிக் கிடுகு அல்லது பனையோலையால் வேயுங்கள். முதல் மூன்று வாரங்கள் நாள்தோறும் ஓர் இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செருகிச் சிறிது நேரத்தின் பின் இழுத்துப் பாருங்கள். கம்பி கையால் பிடிக்க முடியாதபடி சுட்டால் போரைப் பிரிக்க வேண்டும். காற்றுப் பட்டதும் தீ மூளக்கூடுமாகையால், தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டே பிரியுங்கள்.

எவ்வளவு வேண்டும்?

ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 4 கிலோகிராம் வீதம் 120 நாட்களுக்கு 480 கிலோகிராம் உலர்புல் வேண்டும். 100 கிலோகிராம் பசும்புல்லிலிருந்து 23 கிலோகிராம் அளவே உலர்புல் கிடைக்கும். சேதத்தையும் கருதினால், ஒரு பசுவுக்கு ஏறக்குறைய 2,500 கிலோகிராம் பசும்புல் வெட்ட வேண்டும். எல்லா மாடுகளுக்கும் இயலாவிடின், கறவைப் பசுக்களுக்கும் சினைப் பசுக்களுக்கும் கன்றுகளுக்குமாவது சேமியுங்கள்.

கொடுக்கும் முறை

உணவைத் திடீரென மாற்றாதீர்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நிலத்தில் எறிந்தால் பாதி மிதிபட்டு வீணாகும்; தொட்டியிலிட்டுக் காலையும் மாலையும் கொடுங்கள். 4 கிலோகிராம் உலர்புல் பசுவின் முழு உணவாகாது. அதனுடன் வைக்கோலும், கிளிரிசீடியா, இப்பில் இப்பில் போன்ற தழைகளும், கறவைக்குப் புண்ணாக்கும் தவிடும் சேர வேண்டும். உலர்தீனி உண்ணும் மாட்டுக்குத் தண்ணீர் மிகுதியாகத் தேவை. அது எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பூஞ்சணம் பிடித்த புல்லை இரக்கம் பார்த்துக் கொடுக்காதீர்கள். அதனால் மாடு நோயுறும். சினை கலையவும் கூடும். அதனைக் கூட்டெருக் குழியில் இடுங்கள். அதனைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். அத்தூசி உங்கள் நெஞ்சுக்கும் ஆகாது.

முதல் ஆண்டில் ஒரு பசுவுக்கு வேண்டிய அளவையேனும் சேமித்துப் பாருங்கள். ஆவணியில் அப்பசுவின் பாற்செம்பையும் அயலவர் பசுவின் பாற்செம்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அடுத்த மாசியில் எவரும் சொல்லாமலே அரிவாளைத் தீட்டுவீர்கள். ஐயம் ஏதும் எழுந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கால்நடை வைத்திய அலுவலகத்தையோ நாடுங்கள்.