கோழிக்கு முழங்கால் எங்கே?

கோழி நடப்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நாம் காலை மடக்கினால் முழங்கால் முன்னால் துருத்தும். கோழிக்கோ பின்னால் துருத்துகிறது! முழங்காலைத் திருப்பி மாட்டிவிட்டார்களா என்ன?

இதற்கான விடை 1555-இல் பாரிஸில் அச்சான ஒரு பறவைப் புத்தகத்திலேயே இருக்கிறது. எழுதியவர் பியேர் பெலோன் என்ற பிரெஞ்சுக்காரர். ஐரோப்பாவில் அது மறுமலர்ச்சிக் காலம். பழைய ஏட்டில் இருப்பதை அப்படியே நம்பாமல், பறவைகளைத் தானே அறுத்துப் பார்த்தவர் அவர். துருக்கி, எகிப்து என்று ஊர் சுற்றியவர்.

அந்தப் பறவைப் புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு எலும்புக்கூடுகள். ஒன்று மனிதனுடையது, மற்றது பறவையுடையது. பறவையையும் மனித அளவுக்குப் பெரிதாக்கி, நெட்டுக்குத்தாக நிறுத்தி, இறக்கைகளைக் கைகள் மாதிரித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. இப்படி நிறுத்தினால்தான் எந்த எலும்புக்கு எது ஜோடி என்று கண்ணுக்குத் தெரியும். ஜோடி எலும்புகளுக்கு இரண்டு படத்திலும் ஒரே எழுத்து போட்டிருக்கிறார் பெலோன்.



சரி, முழங்காலுக்கு வருவோம். கோழியின் செதில் மூடிய மெல்லிய கால் இருக்கிறதே, அது நம் குதிகாலுக்கு ஈடானது என்று பெலோன் குறித்திருக்கிறார். இன்றைய கணக்கில், கணுக்கால் எலும்புகள் சிலவும் பாத எலும்புகளும் ஒட்டி ஒன்றானதுதான் அது. ஆக, பின்னால் துருத்துவது கணுக்கால் மூட்டு. குதிகால் தரையில் படாமல், கோழி எப்போதும் விரல்களில்தான் நடக்கிறது! அசல் முழங்கால் மேலே, இறகுக்குள் ஒளிந்திருக்கிறது.

மனிதனுக்கும் பறவைக்கும் எலும்பு ஏன் ஒத்துப்போகிறது? பெலோன் அதை விளக்கவில்லை. 1859-இல் டார்வின் எழுதிய நூல் காரணத்தைச் சொன்னது: வெகு காலத்துக்கு முன் இரண்டுக்கும் பொதுவான முன்னோர் இருந்தார்கள்.

அடுத்த முறை வீட்டில் கோழிக்குழம்பு வைத்தால் இறக்கைத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். முதலில் ஒற்றை எலும்பு, அடுத்து இரட்டை எலும்பு. உங்கள் கையையும் தடவிப் பாருங்கள், அதே வரிசைதான். லெக் பீஸ் கிடைத்தால் அது கெண்டைக்கால். அதன் மேல்முனையில்தான் முழங்கால்.