கட்டையும் பெட்டியும்

இசைக் கலைஞர்கள் இருவர் ஓரிடத்தில் கூடிவிட்டால், பேச்சு எதில் தொடங்கினாலும், கடைசியில் அவரவர் முதன்முதலாக விரல் வைத்த வாத்தியத்தில்தான் வந்து நிற்கும். பிற்காலத்தில் வாசித்த உயர்ந்த வாத்தியங்களைப் பற்றி இரண்டொரு சொல்லில் முடித்துவிடுவார்கள். முதல் வாத்தியத்தைப் பற்றியோ, எந்தக் கட்டை அழுத்தியபின் எழாமல் நின்றது, எந்த மழைக்காலத்தில் துருத்தி கிழிந்தது என்று ஒன்றுவிடாமல் உரைப்பார்கள். மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய கலைஞர்கள் பலர் உண்டு. கணபதி விழா மேடையிலும், நவராத்திரிக் கொலுவிலும், சங்கத்து ஆண்டு விழாவிலும் வாசித்த முதியவர் சிலரை அணுகி, அவர்களுடைய முதல் கட்டை வாத்தியத்தையும் முதல் ஒலிபெருக்கியையும் பற்றிக் கேட்டறிந்தோம். அவர்கள் கூறியவற்றோடு வரலாற்றுச் செய்திகள் சிலவற்றையும் சேர்த்து இங்கே வாசக அன்பர்களுக்குத் தருகிறோம்.

முதல் வாத்தியம் எது என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் கூறிய விடை ஆர்மோனியம் என்பதே. தமிழில் நாம் அதனைப் 'பெட்டி' என்கிறோம். மராத்தியரும் 'பேட்டி' என்றே வழங்குகின்றனர். பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842-இல் காப்புரிமை பெற்ற அவ்வாத்தியம், நாற்காலியில் அமர்ந்து, காலால் துருத்தியை மிதித்து, இரு கைகளாலும் வாசிக்கும்படி அமைந்திருந்தது. நம் நாட்டுப் பாடகர்களோ தரையில் அமர்பவர்கள். கல்கத்தாவில் 1875-இல் 'துவார்க்கின்' நிறுவனத்தைத் தொடங்கிய துவாரகாநாத் கோஷ் முதலியோர் அந்த மிதிபலகையை நீக்கினர். துருத்தியைப் பெட்டியின் பின்புறத்தில் பொருத்தி, இடக்கை காற்றூட்ட வலக்கை வாசிக்கும்படி செய்தனர். ஓர் ஆள் தலையில் சுமந்து செல்லக்கூடிய வாத்தியமாக அது மாறிற்று. மாறவே, ரயிலேறி ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்களோடு அதுவும் புறப்பட்டது. தமிழ் இசை நாடக மேடையில் ஆர்மோனியக்காரருக்குத் தனி மதிப்பு இருந்ததைப் போலவே, மராத்தி இசை நாடகத்திலும் இருந்தது. 1955-இல் மறைந்த கோவிந்தராவ் டெம்பே அவ்வகையில் பெரும்புகழ் பெற்றவர்.

ஆயினும் சங்கீத உலகம் இப்பெட்டியை ஒருமனதாக ஏற்றதில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம் கட்டைகளில் எழாது. பன்னிரண்டு கட்டைகளுக்கு இடையே மறைந்து நிற்கும் நுண்சுருதிகளும் விரலுக்கு அகப்படா. இக்குறைகளைச் சுட்டி, அகில இந்திய வானொலியில் பணிபுரிந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதினார். ரவீந்திரநாத் தாகூரும் இவ்வாத்தியத்தை விரும்பவில்லை. 1940 மார்ச்சில் வானொலி தன் நிகழ்ச்சிகளிலிருந்து ஆர்மோனியத்தை விலக்கிற்று. அத்தடை ஓரளவேனும் தளர்வதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, பக்கவாத்தியமாகப் பெட்டி வாசித்துப் பிழைத்தவர்களுக்கு வானொலி நிலையத்தின் கதவு அடைந்தே கிடந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்டியை மேடையில் ஏற்றாத வித்வான்களும் தங்கள் சுருதியை இன்றளவும் 'கட்டை'க் கணக்கில்தான் சொல்கிறார்கள். முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டைச் சுருதி. அதனையடுத்த கறுப்புக் கட்டை ஒன்றரை. இரண்டாவது வெள்ளை இரண்டு கட்டை. மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. ஆகையால் நம் வழக்கில் மூன்றரைக் கட்டை என்பதும் இல்லை. வடநாட்டுப் பாடகர்களும் 'காலீ ஏக்', 'சஃபேத் சார்' என்று கட்டைகளின் நிறத்தையும் எண்ணையும் சொல்லியே சுருதியைக் குறிக்கின்றனர். வெளியே தள்ளப்பட்ட பெட்டி, பாடகர்களின் நாவிலே நிலையாகக் குடியேறிவிட்டது.

இனி, நாம் கேட்டறிந்த நினைவுகளுக்கு வருவோம். மாதுங்கா ரயில்வே பட்டறையில் பணியாற்றிய தொழிலாளி ஒருவரின் மகனார், இப்போது எண்பது வயதை எட்டியவர், தம் தந்தையார் சோர் பஜாரிலிருந்து வாங்கிவந்த பழைய ஆர்மோனியத்தைப் பற்றிக் கூறினார். அதில் மூன்று கட்டைகள் ஊமை. பழுது பார்க்கக் கையில் பணம் இல்லை. ஊமைக் கட்டை வரும் இடங்களில் அந்தச் சுரத்தை வாயால் பாடி நிரப்பும்படி தந்தையார் பழக்கினாராம். ஓராண்டு கழித்துப் பெட்டி செப்பனிடப்பட்டபோது, பார்க்காமலே சுரத்தைச் சொல்லும் காது தமக்கு வந்துவிட்டிருந்தது என்று அவர் புன்னகையோடு கூறினார்.

செம்பூரில் வாழும் அம்மையார் ஒருவருக்கு வீட்டிலே வாத்தியமே இல்லை. எதிர் வீட்டு மராத்திய மாதரசியை அவர் 'மாவ்ஷி' என்றழைப்பார். மாவ்ஷியின் பேட்டியில் மாலைதோறும் ஒரு மணி நேரம் வாசிக்க அனுமதி கிடைத்தது. அதற்கு ஈடாக மாவ்ஷியின் பெண்ணுக்கு இவர் தமிழ்ப் பாட்டுக் கற்பித்தார். கொலு நாட்களில் அந்தப் பேட்டியே இவர்கள் வீட்டுக்கு வந்து, பத்தாம் நாள் குங்குமம் இட்டுத் திரும்பிச் செல்லுமாம். சொந்த வாத்தியம் வாங்கியபோது அம்மையாருக்கு வயது நாற்பது.

இவ்வூர் மழை ஆர்மோனியத்துக்குப் பகை. ஈரத்தில் மரம் உப்பிக் கட்டைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். துருத்தியின் மடிப்புகள் பிரியும். அப்போது பெட்டியைத் திறந்து, பித்தளை நாக்குகளைத் தட்டிப் பார்த்துச் சுருதி கூட்டுபவரை நாடவேண்டும். நாக்கின் நுனியைச் சிறிது சுரண்டினால் சுரம் ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். மயிரிழை அளவு மிஞ்சினாலும் நாக்கு வீணாகிவிடும். குஜராத்தின் பாலிதானா இத்தகைய நாக்குகளுக்குப் பெயர் பெற்ற ஊர். இந்தக் கைத்திறனைப் புத்தகம் படித்து அடைய முடியாது. ஒரு பெரியவர் அருகில் அமர்ந்து பல்லாண்டு பழகியே அடையவேண்டும்.

மின்சாரக் கட்டை வாத்தியம் இந்நகரின் காதில் விழுந்ததும் ஒரு சுவையான கதை. கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் 1947-இல் உருவாக்கிய 'கிளாவியோலின்' ஒரு சமயத்தில் ஒரு சுரத்தையே எழுப்பும். கட்டைகள் ஒரு பகுதியாகவும், ஆம்ப்ளிபயரும் ஒலிபெருக்கியும் அடங்கிய பெட்டி மற்றொரு பகுதியாகவும் வரும். 1954-இல் வெளிவந்த 'நாகின்' என்ற இந்திப் படத்துக்கு ஹேமந்த் குமார் இசையமைத்தார். அதில் ஒலிக்கும் மகுடி, உண்மையில் கல்யாண்ஜி வீர்ஜி ஷா அவர்கள் கிளாவியோலினில் எழுப்பிய நாதமாகும். பிற்காலத்தில் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி என்று புகழ்பெற்ற இரட்டையருள் மூத்தவர் அவரே. நாடெங்கும் மக்கள் அதனைப் பாம்பாட்டியின் மகுடி என்றே எண்ணி மயங்கினர்.

சினிமாக் கூடத்துக்குக் கிட்டிய அந்த வசதி தெருமுனை மேடைக்கு எங்கிருந்து வரும்? நம் அன்பர்கள் தாமே வழி கண்டனர். பழைய வால்வு வானொலிப் பெட்டிகளின் பின்புறத்தில், கிராமபோனை இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் இருக்கும். கித்தாரின் கம்பியை அவற்றில் செருகி, வானொலியையே ஆம்ப்ளிபயராக்கிய இளைஞர்கள் பலர். வால்வு சூடேறும் வரை அரை நிமிடம் மௌனம், பிறகு 'உம்' என்ற ஓர் இரைச்சல், அதன்பின்னரே இசை. விழா மேடைகளில் வாடகை மைக் செட்டே கதி. ஒலிவாங்கியில் உதடு பட்டால் சிலவேளை மின்சாரம் சுரீரென்று தாக்கும். பாடகர்கள் அதன்மேல் கைக்குட்டையைச் சுற்றி, மரப்பலகைமீது நின்று பாடினர். தாராவி மேடைகளில் இருபது ஆண்டு வாசித்த அன்பர் ஒருவர், அந்த 'உம்' என்ற இரைச்சல் கேட்டால் இப்போதும் தம் விரல்கள் தாமாக மடங்கித் தயாராகின்றன என்றார்.

1970-களில் மின்னணு வாத்தியங்கள் வரத் தொடங்கின. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் கடுமையாக இருந்த காலம் அது. 'மினிமூக்' என்ற சின்தசைசரை இந்நகரத் திரையிசைக்குக் கொணர்ந்த கெர்சி லார்டு போன்றோர் மிகச் சிலரே. 1982-இல் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.303, டி.ஆர்.808, ஜூபிடர் 8 ஆகிய கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது விலை போகவில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது, சிக்காகோவில் 1980-களின் பிற்பகுதியில் பிறந்த ஒரு புது நடன இசையின் சாயலை அவர் முன்னரே தொட்டுவிட்டார் என்று மேனாட்டார் வியந்தனர். 2015-இல் மறைவதற்குமுன் அப்புகழை அவர் கண்ணால் கண்டது நமக்கு ஆறுதல்.

அன்று வாங்க இயலாதவர்கள் வாத்தியத்தை வாடகைக்கு எடுத்தார்கள். வாடகையிலே உயிர் தரித்த குடும்பங்களும் உண்டு. மலையாளத் திரையிசையில் பணிபுரிந்த ஆர்.கே. சேகர் 1976-இல் காலமானபோது, சென்னையில் அவருடைய குடும்பம் அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டே வாழ்ந்தது. அப்போது ஒன்பது வயதான அவர் மகனே இன்று உலகம் அறிந்த ஏ.ஆர். ரஹ்மான். 1980-களில் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் பிழைக்கச் சென்ற அண்ணன்மாரும் சிற்றப்பன்மாரும் கேசியோ கீபோர்டைப் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொணர்ந்தனர். பலருக்கு அதுவே முதற்சொத்து.

இந்நினைவுகளைத் தொகுத்துப் பார்க்கையில் ஓர் உண்மை தெளிவாகிறது. எவருடைய முதல் வாத்தியமும் நல்ல வாத்தியமாக இருந்ததில்லை. அநேகமாக அவருடையதாகவும் இருந்ததில்லை. இரவல் தந்த அண்டை வீட்டாரும், கடனுக்குச் செப்பனிட்ட கைவினைஞரும், மைக் செட்டுக்காரரும் சேர்ந்தே ஒரு கலைஞரை உருவாக்கினர். 'அந்தக் காலத்து நாதம் இனி வராது' என்று முதியவர்கள் ஏங்கும்போது, அவர்கள் ஏங்குவது நாதத்துக்கு மட்டுமன்று, அந்த மனிதர்களுக்காகவும்தான்.

இதை நாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கக் கட்டடம் புதுப்பிக்கப்பட இருக்கிறது. சரக்கறையில் கிடக்கும் பழம்பொருள்களைப் பழைய சாமான் வியாபாரிக்கு எடை போட்டு விடுவதென்று யோசனை நடக்கிறது. அவற்றுள் ஓர் ஆர்மோனியமும், ஒரு வால்வு ஆம்ப்ளிபயரும் உள்ளன. இடநெருக்கடி நாம் அறியாததன்று; பழையது யாவும் காக்கத் தக்கது என்றும் நாம் வாதிக்கவில்லை. ஆனால் எடை போடுவதற்குமுன் அவற்றை ஒருமுறை செப்பனிட்டு, அவற்றில் வாசித்தவர்களையே அழைத்து மீண்டும் வாசிக்கச் செய்ய வேண்டுமென்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். அவர்களுள் சிலருக்கு விரல் நடுங்கத் தொடங்கிவிட்டது. சிலருக்குக் காது மந்தமாகிவிட்டது. அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம் என்பது பொருந்தாது. கைப்பேசியில் ஒலியைப் பதிந்து வைக்க நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களே நமக்குக் கற்பிப்பார்கள்.

ஒவ்வொரு இல்லத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பரண்மேல் துணி போர்த்திய பெட்டி ஏதேனும் இருந்தால், அதை விற்பதற்குமுன் வீட்டிலுள்ள தாத்தாவிடமோ பாட்டியிடமோ அது யாரிடமிருந்து வந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். கிடைத்த விடையை இரண்டு பக்க அளவில் எழுதி, நம் இதழுக்கு அனுப்பி வைக்கட்டும். தகுந்தவற்றை மாதந்தோறும் வெளியிடக் காத்திருக்கிறோம்.