உஷார்! மூச்சு வாங்குதுன்னு உட்கார்ந்துடாதீங்க

ஆம்பூரில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் பெரியப்பா வீட்டுக்குப் பதினோரு கரண்டு கம்பம். இருபத்தாறு வருஷம் தோல் கம்பெனியில் பஃபிங் மிஷினில் நின்றவர். ஒரு காலத்தில் டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டே பதினொன்றையும் ஒரே நடையாகக் கடந்துவிடுவார். பிறகு ஏழாவது கம்பத்தில் நின்று லுங்கியை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். அப்புறம் நாலாவது கம்பத்திலேயே நின்று, போகிற வருகிறவரிடம் பேச்சுக் கொடுத்தார். லுங்கி அவிழ்ந்திருக்காது, பேசவும் விஷயம் இருக்காது. மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் நிற்கிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. "வயசாயிடுச்சுப்பா, இன்னா பண்றது" என்பார். அப்போது அவருக்கு வயது 54.

கிளினிக் ஒன்றில் காட்டினோம். "நடக்கக் கூடாது, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்கள். பாசத்தோடு அதை அப்படியே கேட்டோம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டோம். டீ, சாப்பாடு, செய்தித்தாள் எல்லாம் அங்கேயே போயிற்று. இரண்டு வருஷத்தில் அவருடைய தொடை என் முழங்கை கனத்துக்கு வந்துவிட்டது. ஒரு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் கால் மடங்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அந்தப் படுக்கையிலிருந்து எழவேயில்லை. நுரையீரல் போய்விட்டது என்று சொல்லி அழுதோம். உண்மையில் முதலில் போனது கால்.

அந்த பிளாஸ்டிக் சேரை இன்றைக்கும் பார்க்கிறேன். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், தோள் இரண்டும் மேலேறி, கை இரண்டையும் தொடையில் ஊன்றிக்கொண்டு. வீட்டுக்காரர்களே, தயவுசெய்து உஷாராகுங்கள். அந்த சேர் ஓய்வு தருவதாக நினைக்கிறீர்கள். அது காலைத் தின்றுகொண்டிருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், சி.ஓ.பி.டி. என்கிறார்களே, அதில் இழுத்த காற்று முழுதாக வெளியே வராது. வேகமாக மூச்சு விட விட உள்ளே காற்று தேங்கி, மார்பு பலூன் மாதிரி உப்பிக்கொள்கிறது. அடுத்த மூச்சுக்கு இடம் இல்லை. அந்தத் திணறலுக்குப் பயந்து ஆள் உட்கார்ந்துவிடுகிறார். உட்கார உட்காரத் தொடைச் சதை கரைகிறது. கரைந்த சதை கொஞ்ச தூரம் நடந்தாலே களைத்து, முன்பைவிட அதிகக் காற்று கேட்கிறது. மூச்சு இன்னும் வாங்குகிறது, ஆள் இன்னும் உட்காருகிறார். இந்தச் சுழலில் நுரையீரலில் ஏற்பட்ட சேதத்தைப் பெரும்பாலும் திருப்ப முடியாது. கால் சதையைத் திருப்பிக் கொண்டுவர முடியும். நம் கையில் இருக்கும் பெரிய பிடி அது, அதையும் விட்டுவிடுகிறோம்.

இது என் ஆசைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. முறையான உடற்பயிற்சி மறுவாழ்வு எடுத்துக்கொண்டவர்கள் ஆறு நிமிஷத்தில் சராசரியாக 44 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது மருத்துவர்கள் கணக்கு. பலன் உண்டா என்று கேட்டு இனி புதிய ஆய்வு தேவையில்லை என்றே அந்த விஷயத்தை முடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பிய 1,97,376 முதியவர்களின் கணக்கு 2020-ல் வெளிவந்தது. 90 நாளுக்குள் பயிற்சியில் சேர்ந்தவர்கள் வெறும் 1.5 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள், சேர்ந்தவர்களில் 7.3 சதவீதம், சேராதவர்களில் 19.6. தெம்பாக இருந்தவர்கள்தானே சேர்ந்திருப்பார்கள் என்று கேட்கலாம். அதைக் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது.

நம் வேலூர்ப் பக்கத்துக்கு இந்த நோய் ஏன் இரட்டை ஆபத்து? பஃபிங் தூசி, ஸ்ப்ரே அறையின் நெடி, ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் மேஜை, சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தொட்டி. வீட்டுக்கு வந்தால் விறகு அடுப்பு, குடியாத்தம் பேரணாம்பட்டு பக்கம் மடியில் பீடி முறம். ஆண்களுக்கு அந்த பீடியின் புகையும் சேர்கிறது. சின்ன வயதில் டி.பி. வந்து குணமானவர்களுக்கு நுரையீரலில் தழும்பு நிற்கலாம், அவர்களுக்கும் இதே மூச்சு வாங்கல் வரலாம். கான்பூர் தோல் தொழிலாளர்களிடம் 2008-ல் வெளிவந்த ஆய்வில் 16.7 சதவீதம் பேருக்குச் சுவாச நோய் இருந்தது. பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கினோம். ஆற்றுக்காகப் போனது சரி. தொழிலாளியின் மூச்சுக்காக அந்த அளவு குரல் இன்னும் எழவில்லை என்பது என் மனக்குறை.

இத்தனைக்கும் மறுவாழ்வு மருத்துவத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய மண் இது. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். அவர் முயற்சியில் 1966-ல் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் திறந்தது. கால் போனவரை எழுப்பி உட்கார வைக்க அங்கே பாடுபட்டார்கள். கால் இருப்பவரை நாம் வாசலில் உட்கார வைத்திருக்கிறோம்.

மூச்சு வாங்குபவரை எழுப்பி நடக்க வைப்பதற்கு முன் எடுக்கும் நடைப் பரிசோதனை ரொம்ப எளிது. 30 மீட்டர் நீள வராந்தா, இரண்டு முனையிலும் ஒரு அடையாளம், விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப். ஆறு நிமிஷம் உங்கள் வேகத்தில் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். நிற்கலாம், சுவரில் சாயலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. எத்தனை மீட்டர் என்று எழுதிக்கொள்வார்கள். அதை வைத்துத்தான் உங்களுக்கு எவ்வளவு நடை என்று முடிவாகும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், எட்டு வாரம் போல. நடையோடு சேரிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சின்ன பாட்டில் தண்ணீரைத் தூக்கி இறக்குவது. மூச்சை மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடச் சொல்வார்கள். உள்ளே தேங்கும் காற்றை வெளியேற்றும் வழி அதுதான்.

நடக்கும்போது மூச்சு வாங்கத்தான் செய்யும், வாங்க வேண்டும். 'பயங்கரம்' என்பதைப் பத்து என்று வைத்தால் மூன்று, நாலு அளவு. துண்டு துண்டாகப் பேச முடிந்தால் சரி. தொடக்கத்தில் அஞ்சு நிமிஷம் போதும். வாரா வாரம் கூட்டி, நின்று நின்றாவது 20, 30 நிமிஷத்துக்குக் கொண்டு வாருங்கள். நன்றாகிவிட்டது என்று விட்டால் ஒரு வருஷத்துக்குள் பலன் கரைந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அப்பாவை இழுத்துக்கொண்டு வேலூர் கோட்டை மைதானத்துக்குப் போய்விடாதீர்கள்! முதலில் டாக்டர் இதயத்தையும் ஆக்ஸிஜனையும் பார்க்கட்டும். நடக்கும்போது ஆக்ஸிஜன் 88-க்குக் கீழே இறங்கினால் நிறுத்தி, டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், உதடு நீலம், சளியில் ரத்தம், இன்ஹேலர் பஃப் அடித்து உட்கார்ந்தும் அடங்காத திணறல் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். போகிப் புகையிலும், தோல் துண்டு எரிகிற இடத்திலும், லாரி ஓடும் பைபாஸ் ஓரத்திலும் நடக்க வேண்டாம். இன்னொன்றைச் சத்தமாகவே சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் "வீசிங்குக்கு" என்று கேட்டு வாங்கும் மாத்திரைப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். டாக்டர் கணக்கோடு கொடுத்தால் அது மருந்து. மாசக்கணக்கில் நீங்களே போட்டுக்கொண்டால் அதே தொடைச் சதையை அது அரிக்கும். பஃப் கெட்ட பழக்கம் ஆகிவிடும் என்று பயந்து மாத்திரைக்கு ஓடுபவர்கள் இங்கே ஏராளம்.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கே கேளுங்கள். இல்லாவிட்டால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். "ஆறு நிமிஷ நடை டெஸ்ட் எடுக்கணும், பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். படி இறங்க முடியாதவர் என்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர வழியிருக்கிறது. ஊர் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா முப்பது வருஷமாக பீடி சுற்றுகிறார். போன மாசம்வரை தெருமுனைக் குழாயிலிருந்து குடத்தோடு வருவார். இப்போது பேத்திதான் குடம் தூக்குகிறாள். நேற்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, முட்டி வலி" என்றார். பேசும்போது ஒரு கை கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது, கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் எழுந்து அடங்கியது. குழாய்க்கும் அவர் வாசலுக்கும் நடுவே மூன்று கம்பம். புதன்கிழமை என் வண்டியில் அவரை அடுக்கம்பாறைக்குக் கூட்டிப்போகிறேன். வாசலில் சேர் எதுவும் போட வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.